படிவத்தில் 'எம்எக்ஸ்' என்று இருந்தால்

பிரிட்டனுக்கு வந்த முதல் வாரத்திலேயே வங்கி, மருத்துவர், வாடகை வீடு என்று ஏகப்பட்ட படிவங்கள் நிரப்ப வேண்டியிருக்கும். பெயருக்கு முன்னால் ஒரு கட்டம்: மிஸ்டர், மிஸஸ், மிஸ். பல இடங்களில் அதே வரிசையில் 'எம்எக்ஸ்' என்றும் இருக்கும். அச்சுப்பிழை இல்லை. 'மிக்ஸ்' அல்லது 'மக்ஸ்' என்று படிப்பார்கள். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்களும், பாலைச் சொல்ல விரும்பாதவர்களும் வைத்துக்கொள்வது. 1970களிலேயே அச்சில் வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் ஏறியது 2015இல்.

உங்களுக்கே இது வேண்டுமென்றால் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். மிஸ்டரை மிக்ஸ் ஆக்கப் பத்திரமோ சான்றிதழோ சட்டப்படி தேவையில்லை. பட்டியலில் இல்லாவிட்டால் கேட்டுப் பாருங்கள். ஆனால் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் உள்ள பால் பதிவு வேறு கணக்கு. வங்கியில் மிக்ஸ் போட்டால் அது மாறாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலேயே ஆண், பெண் தவிர வேறு குறியீடு கிடையாது. அப்படி 'எக்ஸ்' என்ற குறியீடு கேட்டுப் போன வழக்கை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது படிவத்தில் அல்ல, மின்னஞ்சலில். யாரென்றே தெரியாதவருக்கும் 'டியர் சார்' போட்டுத்தான் நமக்குப் பழக்கம். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிப்பதும் அப்படியே. இங்கே அலுவலகங்களில் மேலாளரையே முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும். அறிமுகமில்லாதவர் என்றால் 'டியர்' போட்டு முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள். அவர் பதிலில் மிக்ஸ் என்று கையெழுத்திட்டிருந்தால் அடுத்த கடிதத்தில் நீங்களும் அதையே எழுதுங்கள். ஏன் என்று விசாரிக்க வேண்டாம்.

அப்புறம், 'தே' சமாச்சாரம். சிலர் தங்களை 'ஹி', 'ஷி' என்று சொல்லாமல் 'தே' என்று சொல்லச் சொல்வார்கள். ஒருவரைப் போய்ப் பன்மையில் சொல்வதா என்று இங்கிலீஷ்காரர்களே முணுமுணுப்பார்கள். நமக்கு அதில் என்ன சிரமம்? 'அவர் வந்தார்' என்று ஒருவரைத்தானே சொல்கிறோம்! அதில் ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது. வீட்டில் அப்படிப்பட்ட நண்பரைப் பற்றித் தமிழில் பேசும்போதும் 'வந்தான்', 'வந்தாள்' வேண்டாம். வயதில் சின்னவராக இருந்தாலும் 'வந்தார்' போதும்.

வாய் தவறிவிட்டால் ஒரு 'சாரி' சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால், கடைசியில் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.