லண்டனில் வீட்டு இன்டர்நெட் நின்றுவிட்டால்: கம்பெனிக்குப் போன் போடும் முன்

லண்டனுக்கு வந்த புதிதில் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் மாடிப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு வீடியோவில் பேச உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் அப்படியே நின்றுவிடும். நான் சொல்லிச் சொல்லி வீட்டுக்கார அண்ணன் கம்பெனிக்குப் போன் போட்டார், இன்ஜினியர் வந்து பார்த்து லைனில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார், அடுத்த பில்லில் அவர் வந்து போனதற்கான கட்டணமும் சேர்ந்து வந்தது. ரவுட்டர் கீழே முன்னறையில் டிவிக்குப் பின்னால் தரையில் கிடந்தது. அதற்கும் என் அறைக்கும் நடுவே பழைய காலத்துச் செங்கல் சுவர் இரண்டு.

வைஃபை வரவில்லை என்பதும் இன்டர்நெட் வரவில்லை என்பதும் ஒன்றல்ல. எது போயிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ரவுட்டரையும் லேப்டாப்பையும் நேராக இணைக்கும் ஒரு ஈதர்நெட் கேபிள் போதும். லேப்டாப்பை நேராக ரவுட்டரில் செருகிப் பாருங்கள். கேபிளில் நன்றாக வந்தால் லைன் சரி, கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. கேபிளிலும் வராவிட்டால் ரவுட்டரிலோ அதற்கு வரும் லைனிலோ கோளாறு.

வைஃபைதான் என்றால் ரவுட்டரைத் தரையிலிருந்து எடுத்து, டிவியையும் ரேடியேட்டரையும் விட்டுத் தள்ளி, மாடிப்படி பக்கம் உயரமாக வையுங்கள். எங்கள் வீட்டில் நீளமான கேபிள் ஒன்று வாங்கி இதைச் செய்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழந்துவிடும். பின்னறையில் இருப்பவர்கள் 2.4-க்கு மாறிப் பாருங்கள். ஒட்டி ஒட்டி வீடு இருக்கும் தெருக்களில் பக்கத்து வீடுகளும் அதே 2.4-ல்தான் நெரிசலாக இருக்கும். ரவுட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியைப் பிரவுசரில் போட்டு உள்ளே போய், சேனலை, அதாவது 2.4-க்குள் இருக்கும் தனித்தனிப் பாதையை, 1, 6, 11 என மாற்றிப் பார்க்கலாம். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

லைன் பக்கம் என்றால் உங்கள் வீட்டுக்கு எது வருகிறது என்று பாருங்கள். முழு ஃபைபர், அதாவது வீடு வரைக்கும் ஒளியிழை என்றால் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும், அதில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, போன் போடுங்கள். அந்தப் பெட்டிக்கு வரும் மெல்லிய வயரை மட்டும் மடக்கவோ கழற்றவோ வேண்டாம். பழைய செம்புக் கம்பி லைன் என்றால் சுவரில் மாஸ்டர் சாக்கெட், அதாவது போன் லைன் வீட்டுக்குள் வந்து சேரும் முதல் சாக்கெட் இருக்கும். பலவற்றில் கீழ்ப்பாதி மூடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், கழற்றினால் உள்ளே டெஸ்ட் சாக்கெட். ரவுட்டரை ஃபில்டரோடு (போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்னக் கருவி) அதில் செருகிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் பழுது வீட்டுக்குள் ஓடும் வயரிலோ அந்த மூடியிலோதான். இதைப் பார்க்காமல் இன்ஜினியரை வரவழைத்தால் கட்டணம் உங்கள் தலையில் விழலாம்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் செருகுவது ரீஸ்டார்ட், தாராளமாகச் செய்யலாம். பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடும், வீட்டில் இருக்கும் ஆறு பேருக்கும் திரும்ப இணைக்கும் வரை நெட் இருக்காது. அப்புறம், ஊரில் இரவு படுக்கும்போது மோடத்தை அணைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. செம்புக் கம்பி லைனில் அது வேண்டாம். அடிக்கடி இணைப்பு அறுந்தால், லைன் நிலையாக இல்லை என்று எடுத்துக்கொண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கத்து சிஸ்டமே வேகத்தைக் குறைத்துவிடும்.

கம்பெனிக்குப் பேசும்போது, கேபிளில் செருகிப் பார்த்தேன், டெஸ்ட் சாக்கெட்டிலும் பார்த்தேன், எந்த விளக்கு எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இந்த மூன்று தகவலும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டியிருக்கும், அதனால் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் நின்ற அன்றைக்கே சொல்லிவிடுவது முக்கியம். போன், இன்டர்நெட் கம்பெனிகளைக் கண்காணிக்கும் பிரிட்டன் அமைப்பான ஆஃப்காமின் தானியங்கி இழப்பீட்டுத் திட்டம் 2019 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த கம்பெனி என்றால், நீங்கள் புகார் சொன்னபின் முழுதாக இரண்டு வேலை நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் பணம் தர வேண்டும். இன்ஜினியர் சொன்ன நாளில் வராவிட்டாலும் உண்டு. கணக்கு நீங்கள் சொன்ன நேரத்திலிருந்துதான் ஓடும். வேகக் குறைவுக்கும் வழி இருக்கிறது. ஆஃப்காமின் வேக விதிமுறையில் கையெழுத்திட்ட கம்பெனிகள், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச வேகம் வராமல் 30 நாளில் சரிசெய்யவும் முடியாவிட்டால் அபராதம் இல்லாமல் உங்களை விலக விட வேண்டும். ஆனால் அது ரவுட்டர் வரைக்கும் வரும் வேகம், உங்கள் அறையில் வைஃபையில் வரும் வேகம் அல்ல. அதனால் அளப்பதையும் கேபிளில் செருகியே அளந்து, ஒவ்வொரு முறையும் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.