நாவல் பாத்திரத்தின் முடிவை அறவியல் கொண்டு எடைபோடுவது எப்படி: ழான் வல்ழானின் ஓர் இரவு

"வல்ழான் நல்லவனா, கெட்டவனா?" என்று தொடங்கும் கட்டுரைகள் பெரும்பாலும் கதைச் சுருக்கமாகவே முடிந்துபோகின்றன. ஆயிரம் பக்கம் வாழ்ந்த ஒரு மனிதனை ஒரு சொல்லில் அடைக்கச் சொல்கிறது அந்தக் கேள்வி. ஆளை விட்டுவிட்டு அவன் எடுத்த ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வல்ழானை நாயகனாகக் கொண்ட விக்தர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ளே' (1862) இதற்குத் தோதான நாவல். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கியது இதைத்தான். 1950-இல் அதே பெயரில் படமும் வந்தது. அதில் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன் அதன்பிறகு 'ஜாவர்' சீதாராமன் ஆனார்.

எந்த முடிவைத் தேர்வது

பலரும் வல்ழானைச் சிறைக்கு அனுப்பிய ரொட்டித் திருட்டுக்குத்தான் போவார்கள். போகாதீர்கள். ஹ்யூகோ அதைச் சில பத்திகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார். வல்ழான் அப்போது என்ன யோசித்தான் என்பது பக்கத்தில் இல்லை, நீங்களாகக் கற்பிக்க வேண்டிவரும். நல்ல முடிவுக்கு மூன்று அடையாளம்: குறைந்தது இரண்டு வழியாவது உண்மையில் திறந்திருக்க வேண்டும், எந்த வழியில் போனாலும் யாருக்காவது இழப்பு இருக்க வேண்டும், பாத்திரத்தின் யோசனை எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றும் அமைந்த இடம் ஷாம்மத்தியூ வழக்கு. 19 ஆண்டுச் சிறைக்குப் பின் 1815-இல் வெளிவந்த வல்ழான், பெயரை மாற்றிக்கொண்டு, கறுப்பு மணி செய்யும் தொழிற்சாலை நடத்தி, 1823-இல் ஓர் ஊரின் மேயராக இருக்கிறான். போலீஸ் அதிகாரி ஜாவேர் வந்து ஒரு செய்தி சொல்கிறான். ஆப்பிள் கிளையோடு பிடிபட்ட ஷாம்மத்தியூ என்ற கிழவனை, 'இவன்தான் வல்ழான்' என்று பழைய கைதிகள் அடையாளம் காட்டிவிட்டார்கள். மறுநாள் ஆராஸ் நகரில் விசாரணை. மறுகுற்றவாளி என்பதால் ஆயுள் முழுக்கக் கடுங்காவல். உண்மையான வல்ழான் வாயைத் திறக்காவிட்டால் போதும்.

கடிகாரத்தை நிறுத்துங்கள்

வல்ழான் யோசிக்கும் அந்த இரவைச் சொல்லும் பக்கங்களை மூன்று முறை படியுங்கள். முதல் முறை பென்சில் வேண்டாம். இரண்டாம் முறை, அவனுக்கு அந்த இரவு தெரிந்த செய்திகளின் கீழ் மட்டும் கோடிடுங்கள். மூன்றாம் முறை, அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் காரணங்களுக்கு ஓரத்தில் எண் போடுங்கள்.

பிறகு ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் 'தெரியும்', வலப்பக்கம் 'தெரியாது' என்று எழுதுங்கள். பிடிபட்டவன் வல்ழான் அல்ல, விசாரணை நாளை, அவன் தொழிற்சாலையில் வேலை இழந்த ஃபாந்தீன் என்ற பெண் காய்ச்சலில் கிடந்து மகள் கோசெத்துக்காகக் காத்திருக்கிறாள்: இவை இடப்பக்கம். ஜாவேர் கைது செய்ய வரும்போது ஃபாந்தீன் இறந்துபோவாள், தொழிற்சாலை மூடி ஊர் நொடித்துப்போகும், அதே ஆண்டு கிறிஸ்துமஸில் வல்ழானே கோசெத்தை மீட்பான்: இவை வலப்பக்கம். ஊர் நொடிக்கும் என்று அவன் அஞ்சினான், அது வேறு. அச்சத்தை இடப்பக்கத்தில் 'அஞ்சுகிறான்' என்றே எழுதுங்கள்.

தீர்ப்பு எழுதும்போது வலப்பக்கத்தைத் தொடக்கூடாது. "கடைசியில் கோசெத் நன்றாகத்தானே இருந்தாள்" என்ற வரி கட்டுரையில் நுழைந்தால், நீங்கள் எடைபோடுவது அவன் முடிவையல்ல, அவன் அதிர்ஷ்டத்தை.

வழிகளை ஐந்தாக்குங்கள்

பாத்திரம் இரண்டு வழிதான் பார்க்கும். நீங்கள் குறைந்தது ஐந்து எழுதுங்கள். பேசாமல் இருப்பது, நேரில் போய் ஒப்புக்கொள்வது, பெயரில்லாக் கடிதம் போடுவது, கோசெத்தை முதலில் அழைத்துவந்துவிட்டு ஒப்புக்கொள்வது, தொழிலையும் பணத்தையும் நம்பகமான கையில் ஒப்படைத்துவிட்டு ஒப்புக்கொள்வது. இனி ஒவ்வொன்றையும் உரசிப் பாருங்கள். அடையாளம் காட்டச் சாட்சிகள் வரிசையாக நிற்கையில் மொட்டைக் கடிதம் எடுபடாது. கோசெத் இருப்பது பாரிஸ் பக்கம், விசாரணையோ நாளை. ஐந்தாவது வழிதான் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. அவனே இரவில் பாரிஸ் வங்கியாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறான், சிறு வியாபாரிகளின் கடன் பத்திரங்களை எரிக்கிறான். எது ஏன் அடைபட்டது என்று காட்டினால்தான், பேசாமல் இருப்பது, ஒப்புக்கொள்வது என்று மிச்சமிருக்கும் இரண்டும் உண்மையான இக்கட்டு ஆகின்றன.

காரணமா, சாக்கா?

எண்ணிட்ட காரணங்களில் சாக்குகளைப் பிரித்தெடுங்கள். மூன்று தடயம் உண்டு. பயன் தூரத்தில் இருந்து, எண்ணிக்கை மட்டும் பெரிதாக இருப்பது: பத்து ஆண்டில் கோடி பிராங்க் சம்பாதித்து ஊருக்கெல்லாம் கொடுப்பேன் என்கிறான். பாதிக்கப்படுபவனைச் சிறுமைப்படுத்துவது: போனால் போகிறான், ஒரு திருட்டுக் கிழவன்தானே. தெய்வத்தின் மேல் பாரத்தைப் போடுவது: இது நான் செய்ததல்ல, மேலே இருப்பவர் செய்தது. பாத்திரம் கெட்டது என்பதற்கு இவை சான்று ஆகா; அந்தக் காரணத்துக்கு நீங்கள் எவ்வளவு எடை தரலாம் என்பதற்கான குறிப்பு.

அளவுகோல்களை மோதவிடுங்கள்

'கான்ட்டின்படி தவறு, மில்லின்படி சரி' என்று இரண்டு பத்தி எழுதி நிறுத்துவதுதான் மாணவர் கட்டுரைகளின் தீராத வியாதி. கான்ட் கடமையை அளவுகோலாக்கிய தத்துவவாதி, மில் விளையும் பயனை அளவுகோலாக்கியவர். அளவுகோல்கள் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதில்தான் வேலை இருக்கிறது.

பயனைக் கணக்கிடும்போது தலையை மட்டும் எண்ணாதீர்கள், உறுதியையும் எண்ணுங்கள். ஷாம்மத்தியூவுக்கு வரும் தீங்கு ஏறக்குறைய நிச்சயம், மீளவும் முடியாது. ஊருக்கு வரும் தீங்கு பெரிது, ஆனால் ஓரளவு தடுக்கக்கூடியது. இப்படிப் பார்த்தால் பயன்வாதம்கூட 'பேசாதே' என்று தயங்காமல் சொல்லிவிடாது.

கடமையின் பக்கம் கடினமான கேள்வி ஒன்று: சும்மா இருப்பது ஒரு செயலா? குற்றம் சாட்டியவன் வல்ழான் அல்ல. ஆனால் அவன் ஒளிந்திருப்பதால்தான் அந்தத் தவறே சாத்தியமானது, அதன் பலன் சேர்வதும் அவனுக்குத்தான். கரையில் நின்று பார்க்கும் அந்நியனின் மௌனமும் இவன் மௌனமும் ஒன்றாகுமா? கட்டுரையின் மிக நீளமான பத்தி இங்கே வரட்டும்.

பண்பை நோக்கும் அளவுகோலுக்கு ஆதாரம் பேச்சில் கிடைக்காது, உடம்பில் தேடுங்கள். இரவு முழுக்க அவன் முடிவெடுப்பதில்லை. எடுக்காமலே வண்டியில் ஏறிவிடுகிறான். வழியில் எதேன் ஊரில் சக்கரம் பழுதாகி, அன்றைக்குச் சரிசெய்ய முடியாது என்றதும் அவனுக்குப் பெரும் ஆறுதல்: 'என்னால் ஆனதைச் செய்தாயிற்று.' பிறகு வேறு வண்டி கிடைக்கிறது, ஏறுகிறான். முடிவு என்பது ஒரு கணமல்ல, படிப்படியாக நடந்த ஒன்று என்று இந்த இடத்தை வைத்து நிறுவலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது ஃபாந்தீனுக்கு அவன் பட்ட கடன். அவள் வேலை போனது அவன் தொழிற்சாலையில், அவன் பெயரில், அவனுக்கே தெரியாமல் மேற்பார்வைக்காரி செய்த காரியம். தெரியாது என்பது முழு விடுதலை ஆகாது; விசாரிக்காமல் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தது அவன்தான். எனவே அவளுக்குச் செய்வது தர்மம் அல்ல, ஈடுகட்டல். இதைச் சேர்த்ததும் 'ஒப்புக்கொண்டது சரி' என்ற தீர்ப்பின் விலை ஏறிவிடும். நல்ல கட்டுரை அந்த விலையை மறைக்காது.

ஆசிரியர் கையைப் பாருங்கள்

நாவலில் விளைவுகளை எழுதுவது ஆசிரியர். அவர் வெகுமதி தந்தார் என்பதற்காகச் செயல் சரியாகிவிடாது. ஊர்ச் சிறையிலிருந்து தப்பிய வல்ழானைத் தேடி ஜாவேர் வரும்போது, வாழ்நாளில் பொய்யே பேசாத கன்னியாஸ்திரி சிம்ப்ளிஸ் அடுத்தடுத்து இரண்டு பொய் சொல்கிறாள். கதைசொல்லி குறுக்கிட்டு, சொர்க்கத்தில் இது உன் கணக்கில் சேரட்டும் என்று வாழ்த்துகிறார். வாழ்த்து ஹ்யூகோவின் கருத்து, உங்களுக்கான சான்று அல்ல.

பயிற்சிக்கு அடுத்ததாக இதையே எடுக்கலாம். கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் கூடாது என்று கான்ட் 1797-இல் வாதிட்டார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது 292-ஆம் குறள். குறளை எடுத்தாள்பவர்கள் 'குற்றமற்ற' என்ற நிபந்தனையை விழுங்கிவிடுவார்கள். ஜாவேர் கொலைகாரன் அல்ல, கடமையில் இருக்கும் அதிகாரி. அப்படியானால் அந்த நன்மை குற்றமற்றதுதானா?

எழுதும்போது

ஐந்து பக்கக் கட்டுரை என்றால் சூழலுக்கு அரைப் பக்கம் போதும். வழிகளுக்கு ஒன்று, அளவுகோல் மோதலுக்கு இரண்டு, உங்களுக்கு எதிரான வலுவான வாதத்துக்கு ஒன்று, தீர்ப்புக்கு அரை. 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அதே காலத்தில் வேறு விதமாக நடந்த பாத்திரம் நாவலிலேயே இருக்கும். தீர்ப்பில் எந்தத் தகவல் மாறினால் உங்கள் முடிவும் மாறும் என்று ஒரு வரி சேருங்கள். உதாரணமாக, ஷாம்மத்தியூவுக்கு ஆயுள் தண்டனைக்குப் பதில் ஒரு மாதச் சிறை என்றிருந்தால்? அந்த வரியை எழுத வரவில்லை என்றால், அளவுகோல் மோதல் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டும்.