பழைய கடையைப் புதுசாக்கப் போறீங்களா? நாங்க பண்ண தப்பைப் பண்ணிடாதீங்க

அப்பாவோ மாமாவோ முப்பது நாப்பது வருஷமா நடத்தின கடை இப்போ உங்க கைக்கு வருதுன்னா முதல் வேலையா இன்டீரியர் ஆளுக்கு போன் போடாதீங்க, ப்ளீஸ். நாங்க அதைத்தான் பண்ணோம். பெங்களூரு அல்சூர்ல எங்க மாமாவுக்குப் பாத்திரக் கடை, எவர்சில்வர், பித்தளை, அலுமினியம் எல்லாம் உண்டு. 2011ல மெட்ரோ ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எங்க பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டு ஆள் நடமாட்டமே கொறஞ்சு கெடந்த வருஷங்களைக்கூட அந்தக் கடை சமாளிச்சுருச்சு, ஆனா நாங்க ரெனோவேஷன் பண்ணோம் பாருங்க, அதுக்கப்புறம் வந்த ஒரு வருஷத்தைத் தாண்டுறதுக்குள்ள உயிர் போயிருச்சு.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். பழைய கடைல வாசலை ஒட்டி ஒரு சின்ன மேஜை, அதுல ஒரு அண்ணன் உக்காந்து பாத்திரத்துல பேர் வெட்டுவாரு. கைல பேனா மாதிரி மெஷின், சொர்ர்ருனு ஒரே சத்தம், வெட்டி முடிச்சதும் கட்டை விரலால ஒரு தடவ தடவிப் பாத்துட்டுத்தான் கஸ்டமர் கைல குடுப்பாரு. இன்னார் கல்யாணம், இன்ன தேதி, அன்பளிப்பு யாரு, எல்லாம் தமிழ்ல கேட்டா தமிழ்ல, கன்னடத்துல கேட்டா கன்னடத்துல. இதுக்குத் தனியா காசு வாங்குனதே இல்ல. புது டிசைன்ல அந்த எடத்துல கண்ணாடி ஷோகேஸ் வந்துருச்சு, சத்தமும் நல்லா இல்லைன்னு மெஷினை குடோன்ல வச்சுட்டு அண்ணனை சேல்ஸுக்குப் போட்டோம். மூணு மாசம் கழிச்சு ஒரு அக்கா, மக வளைகாப்புக்கு அம்பது கிண்ணம் எடுத்து பில் போடச் சொல்லிட்டு பேர் எப்ப வெட்டிக் குடுப்பீங்கன்னு கேட்டாங்க. இப்ப அது இல்லைங்கன்னு சொன்னேன். அப்ப நான் வீட்ல உக்காந்து ஆன்லைன்லயே வாங்கிருப்பேனே தம்பின்னு கிண்ணத்தை கவுண்டர்லயே வச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது, கிண்ணம் எல்லா எடத்துலயும் கெடைக்கும், அவங்க ஏறி எறங்கி எங்க கடைக்கு வந்ததே அந்த மேஜைக்காகத்தான்.

அதனால எதையும் இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் கடைல சும்மா உக்காருங்க. ஒரு நோட்டு வச்சுக்கங்க. வர்றவங்க வாயத் தொறந்ததும் என்ன கேக்குறாங்க, எது இல்லைன்னு திரும்பிப் போறாங்க, எந்த வேலைக்கு எந்த ஆளைத் தேடுறாங்கன்னு எழுதுங்க. வர்றதை நிறுத்திட்ட பழைய கஸ்டமர் நாலு பேருக்கு போன் போட்டும் கேளுங்க, சங்கடமாத்தான் இருக்கும், ஆனா உண்மையைச் சொல்றது அவங்கதான்.

அடுத்த தப்பு, காசை எங்க போட்டோம்ங்கறது. லோன் வாங்கி ரேக்கு, லைட்டு, ஏசி போட்டோம், ஆனா பரண் மேல பத்து வருஷமா அசையாத சரக்கு அப்படியே கெடக்குது, பழைய மாடல் டிபன் கேரியர், ரொம்பப் பெரிய அண்டா, மூடி தொலைஞ்ச டப்பா. அதெல்லாம் நம்ம காசுதான, தூங்கிட்டு இருக்கு. முதல்ல எல்லாத்தையும் எறக்கி எண்ணணும், விக்கிற விலைக்கு வித்துட்டு மிச்சத்தை எடைக்காவது போட்ருக்கணும், செய்கூலி போச்சுன்னாலும் உலோகத்தோட விலையாவது கைக்கு வந்துருக்கும், பாதி லோன் தேவைப்பட்டிருக்காது.

சரக்கைப் பத்தித் தெரிஞ்சுக்காம கடையை மட்டும் அழகாக்குறதும் தப்புதான். இப்ப வர்றவங்க இது 304 கிரேடு எவர்சில்வரான்னு கேட்டுட்டு பாக்கெட்லருந்து காந்தத்தையே எடுக்குறாங்க. காந்தம் ஒட்டலைன்னா ஒசத்தின்னு நெனப்பு. ஆனா 202ங்கற இன்னொரு கிரேடுலயும் பொதுவா ஒட்டாது, 304லயும் ஒட்டாது, 304ல குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் கிட்ட இருக்கும், 202ல நிக்கலைக் கொறச்சு மாங்கனீஸ் சேத்துருப்பாங்க, அதைக் காந்தம் காட்டிக் குடுக்காது. அதே சமயம் இண்டக்‌ஷன் அடுப்புல வைக்கிற பாத்திரத்துக்கு அடியில காந்தம் ஒட்டியே ஆகணும், இல்லைன்னா சூடே ஏறாது. இதை நிதானமா எடுத்துச் சொல்ற ஒரு ஆள் கடைல இருந்தா போதும், நம்பி வாங்கிட்டுப் போவாங்க, எங்க கடைல அதைச் சொல்லத் தெரிஞ்சவரும் அந்த பேர் வெட்டுற அண்ணன்தான்.

போர்டு விஷயத்துல அவசரப்படாதீங்க. நாங்க முழுக்க இங்கிலீஷ்ல பெருசா அடிச்சு மாட்டினோம், கர்நாடகால 2024லருந்து போர்டுல 60 சதவீதம் கன்னடம் இருக்கணும்னு சட்டமே வந்துருச்சு, திரும்பவும் செலவு. மாமா பேரைத் தூக்கிட்டு ஸ்டைலா ஒரு பேர் வச்சதுல, கடை கை மாறிருச்சுன்னு நெனச்சு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனவங்களும் உண்டு.

கணக்கு. 2025 ஜூலைல கர்நாடகால யுபிஐ வரவைப் பாத்து சின்னக் கடைக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்துச்சுல்ல, அப்ப நெறைய பேர் க்யூஆரைக் கிழிச்சுட்டு கேஷ் மட்டும்னு எழுதி ஒட்டினாங்க. அந்தப் பயம் புரியுது. ஆனா அப்படிப் பண்ணா சின்ன வயசு கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க. பொருள் விக்கிற கடைக்கு வருஷம் 40 லட்சம், சர்வீஸுக்கு 20 லட்சம், அதைத் தாண்டுனா பதிவு பண்ணணும், அவ்ளோதான். கடை வரவையும் வீட்டு வரவையும் ஒரே அக்கவுண்ட்ல போடாதீங்க, நோட்டீஸ் வந்தா பிரிச்சுக் காட்டவே முடியாது. 2025 செப்டம்பர் 22லருந்து பாத்திரத்துக்கு வரி 12லருந்து 5 சதவீதம் ஆச்சு, பில்லிங் மெஷின்ல மாத்திட்டீங்களான்னும் ஒரு தடவ பாத்துக்கங்க.

இன்னொண்ணு, எங்க கண்ணுக்குப் படாமலே போனது. எங்களுக்கு சீசன்னா பொங்கல், கல்யாண மாசம், கூட வரமகாலட்சுமி விரதம், அவ்ளோதான். பக்கத்துல இந்திராநகர் பூரா வடக்குலருந்து வந்தவங்க குடியிருக்காங்க, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி தன்தேரஸ் அன்னிக்கு ஒரு ஸ்பூனாவது புதுசா வாங்கணும்ங்கறது அவங்க வழக்கம், அந்த நாள்ல நாங்க சீக்கிரமே ஷட்டரை எறக்கிட்டுப் போயிட்டு இருந்தோம்.

மேஜை இப்ப திரும்ப வாசலுக்கே வந்துருச்சு, ஷோகேஸ் உள்ள போயிருச்சு. போன தன்தேரஸுக்கு வந்த ஒரு அம்மா சின்ன டம்ளர்ல பேத்தி பேரை இந்தில வெட்டித் தர முடியுமான்னு கேட்டாங்க, அன்னிக்கு முடியல. இப்ப அண்ணன் மத்தியானம் கூட்டம் இல்லாதப்ப நாலு கோடு நோட்டு ஒண்ணு வச்சுக்கிட்டு இந்தி எழுத்து எழுதிப் பழகிட்டு இருக்காரு.