என்க்ளெக்ஸ்-பிஎன் தேர்வு: நேரத்தை எதில் செலவிடுவது

அமெரிக்காவில் எல்பிஎன் (ஆர்என்-க்கு அடுத்த நிலைச் செவிலியர்) உரிமம் பெற எழுதும் இந்தத் தேர்வில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். நேரம் 5 மணி. உங்கள் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். எதையும் தாண்டிப் போகவோ, திரும்பி வந்து திருத்தவோ வழியில்லை. 85-லேயே திரை அணைந்தால் தேர்ச்சி என்றோ தோல்வி என்றோ சொல்ல முடியாது.

பலர் மருந்துப் பெயர்களிலேயே மூழ்கிவிடுகிறார்கள். ஆனால் அதிக எடை, பராமரிப்பு ஒருங்கிணைப்புப் பகுதிக்குத்தான்: 18 முதல் 24 சதவீதம். யாருக்கு எந்த வேலை என்பதே இங்கே கேள்வி. நிலை சீராக உள்ள நோயாளி எல்பிஎன்-க்கு; முதல் மதிப்பீடும் புதிதாகக் கற்பித்தலும் ஆர்என்-க்கு (பதிவு பெற்ற செவிலியர்); குளிப்பாட்டுவது, உணவூட்டுவது உதவியாளருக்கு. வார்டில் பார்த்த வழக்கத்தை வைத்துப் பதில் சொன்னால் இங்கேதான் சறுக்கும்.

கணக்கைத் தினமும் போடுங்கள். நரம்பு வழி ஏற்றும் 1000 மி.லி. திரவம், 8 மணி நேரம், மி.லி.க்கு 15 சொட்டு: 1000 × 15 ÷ 480 = 31.25, அதாவது நிமிடத்துக்கு 31 சொட்டு. மணியை நிமிடமாக மாற்ற மறப்பதே வழக்கமான பிழை. எத்தனை தசமத்துக்கு முழுமையாக்க வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே பாருங்கள்.

‘பொருந்துவன அனைத்தையும் தேர்வு செய்க’ வகையில் 2023 முதல் பகுதி மதிப்பெண் உண்டு. தவறான தேர்வு ஒரு புள்ளியைக் குறைக்கும் என்பதால், சந்தேகமானதை அள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொரு தெரிவையும் தனியாக ‘ஆம், இல்லை’ என்று தீர்மானியுங்கள்.

பயிற்சியில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை எழுதி வையுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு.