புது மத்திய அமைச்சரவை அமையும்போது எதையெல்லாம் பாக்கணும்?

ரிசல்ட் வந்த அன்னைக்கே யாருக்கு எந்த இலாகான்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சுடுவாங்க, ஆனா முதல்ல பாக்க வேண்டியது 272ங்கிற நம்பர் தான். லோக்சபால 543 சீட்டு, அதுல பாதிக்கு மேல யார் பக்கம் இருக்குன்னு பாத்துத்தான் ஜனாதிபதி பிரதமரை நியமிப்பாங்க. 2024ல பிஜேபிக்கு தனியா 240 தான், கூட்டணியோட சேத்து 293, அதனால தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் குடுக்கிற ஆதரவு இல்லாம மெஜாரிட்டியே கிடையாதுங்கிற நிலைமை.

அடுத்து பதவியேற்பு. டிவில பாக்கும்போது யார் எந்த வரிசைல வராங்கன்னு கவனிங்க. முதல்ல கேபினட் அமைச்சர்கள், அப்புறம் தனிப்பொறுப்பு இணையமைச்சர்கள் (மேல கேபினட் அமைச்சர் இல்லாம துறைய தானே பாக்கிறவங்க), கடைசியா இணையமைச்சர்கள் (கேபினட் அமைச்சருக்கு உதவியா இருக்கிறவங்க). எல்லாரையும் மந்திரின்னு தான் சொல்றோம், ஆனா பெரிய முடிவு எடுக்கிற கேபினட் கூட்டத்துல முதல் வகை ஆளுங்க தான் உக்காருவாங்க, மத்தவங்க அவங்க துறை விஷயம் வந்து கூப்பிட்டா தான் போவாங்க. 2024 ஜூன் 9ல பிரதமரோட சேத்து 72 பேர் பதவியேத்தாங்க, அதுல 30 பேர் கேபினட், 5 பேர் தனிப்பொறுப்பு, 36 பேர் இணையமைச்சர்.

எத்தனை பேர வேணா சேக்கலாமான்னா முடியாது. 2003ல வந்த 91வது திருத்தப்படி லோக்சபா பலத்துல 15% தான், அதாவது பிரதமரையும் சேத்து 81 பேர். ரொம்ப நல்ல சட்டம் இது, இல்லன்னா ஆதரவு குடுக்கிற ஒவ்வொரு கட்சிக்கும் பதவியா அள்ளிக் குடுத்துட்டே இருப்பாங்க.

லிஸ்ட்ல எம்பியா இல்லாத ஒருத்தர் பேர் இருந்தா குழம்பாதீங்க. 2019 மே மாசம் ஜெய்சங்கர் அப்படித்தான் வந்தாரு, ஜூலைல ராஜ்யசபா எம்பி ஆனாரு. 6 மாசம் டைம், அதுக்குள்ள ரெண்டு சபைல ஒண்ணுல உறுப்பினர் ஆகலன்னா பதவி போயிடும், ராஜினாமா பண்ணிட்டு ஜெயிக்காமலே திரும்ப இன்னொரு 6 மாசம் உக்கார முடியாதுன்னு 2001லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இப்ப எல்லாரும் தப்பா நினைக்கிற விஷயம், பதவிக்காலம். அமைச்சரவைக்குன்னு தனியா 5 வருஷம் எல்லாம் கிடையாதுங்க! அந்த 5 வருஷம் லோக்சபாவோடது. லோக்சபாவுக்கு நம்பிக்கை இருக்கிற வரைக்கும் தான் அமைச்சரவை, அதனால தான் 1996ல வாஜ்பாய் அரசு 13 நாள்ல முடிஞ்சது, 1999 ஏப்ரல்ல ஜெயலலிதா ஆதரவ வாபஸ் வாங்கினதுக்கு அப்புறம் நடந்த ஓட்டெடுப்புல அவரோட அடுத்த அரசு ஒரே ஒரு ஓட்டுல கவுந்துச்சு, ஆனாலும் தேர்தல் முடிஞ்சு அக்டோபர்ல புது அரசு வர்ற வரைக்கும் அவரே காபந்து பிரதமரா இருந்தாரு. ஒரு மந்திரி ராஜினாமா பண்ணா அவர் மட்டும் தான் போவாரு, பிரதமர் ராஜினாமா பண்ணா மொத்த அமைச்சரவையும் போச்சு.

இலாகா லிஸ்டுக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்ட நம்பாதீங்க. ஜனாதிபதி மாளிகை அறிக்கை வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுங்க, 2024ல பதவியேற்புக்கு மறுநாள் தான் இலாகா வந்துச்சு. நடுவுல மாத்தினாலும் அதே மாதிரி பிரதமர் ஆலோசனைப்படின்னு ஒரு அறிக்கை வரும், அதுல பேர் இருந்தா தான் அது நியூஸ்.