ஆல் டைம் கிரேட் லிஸ்ட் போடுறப்போ பண்ணக்கூடாத தப்புகள்: பேஸ்பால் பாக்குறவங்களுக்கு

டோனி க்வின் 3141 ஹிட், டிம் ரெய்ன்ஸ் 2605 ஹிட் (பந்தை அடிச்சு அவுட் ஆகாம பேஸ் சேர்றதுதான் ஹிட்). இந்த ரெண்டு நம்பரை மட்டும் காட்டி யாரு பெரிய ஆளுன்னு கேட்டா யோசிக்காம க்வின்னுன்னுதான் சொல்வோம், ஓட்டு போடுற பத்திரிகையாளர்களும் அப்படித்தான் சொன்னாங்க, க்வின்னை 2007ல முதல் தடவையே 97.6 சதவீத ஓட்டோட ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள, அதாவது பெரிய ஆட்டக்காரங்களை கௌரவிக்கிற இடத்துக்குள்ள அனுப்பிட்டாங்க, ரெய்ன்ஸை 2017 வரைக்கும் வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க, அது அவருக்கு கடைசி வாய்ப்பு, 10வது வருஷம். இப்போ ஹிட்டோட சேர்த்து, வாக் வாங்கினது, பந்து உடம்புல பட்டு பேஸுக்கு போனது எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. க்வின் 3955 தடவை பேஸ் ஏறியிருக்காரு. ரெய்ன்ஸ் 3977 தடவை!

பேஸ்பால் பாக்க ஆரம்பிச்ச புதுசுல நானும் பேட்டிங் ஆவரேஜை மட்டும்தான் பாத்தேன், அதனால எல்லாருக்கும் முதல்ல சொல்றது இதுதான். பேட்டிங் ஆவரேஜ் கணக்குல வாக் வரவே வராது. பிட்ச்சர் ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளிய 4 பந்து போடுறான், ஹிட்டர் பொறுமையா ஒண்ணையும் தொடாம விட்டுட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போறான், டீமுக்கு ஒரு ஆள் பேஸ்ல, அவுட்டும் ஆகல, ஆனா ஆவரேஜ் பாக்குறவனுக்கு அது நடக்காத மாதிரியே. க்வின் ஆவரேஜ் .338, ரெய்ன்ஸ் .294, பாத்தா மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பேஸ் ஏறுற விகிதம் பாத்தா .388, .385, அவ்ளோதான் வித்தியாசம். அதோட ரெய்ன்ஸ் கணக்குல 808 ஸ்டோலன் பேஸ் (பிட்ச்சர் பந்து போடுறப்போ ஓடி அடுத்த பேஸைப் பிடிக்கிறது) வேற இருக்கு. இதனால க்வின் சின்ன ஆளாயிடல, 8 தடவை பேட்டிங் சாம்பியன் ஆனவரு, அவரு பந்தை தொடுற அழகே தனி. ரெய்ன்ஸை 10 வருஷம் காக்க வெச்சதுதான் எனக்கு இன்னைக்கும் வலிக்குது.

பிட்ச்சருக்கும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கு, அதுக்கு பேரு வின். பிட்ச்சர் எவ்ளோ நல்லா போட்டாலும் அவன் டீம் ரன் அடிக்கலைன்னா வின் கிடைக்காது. 1987ல நோலன் ரயன் நேஷனல் லீக்லயே (மேஜர் லீக்ல ரெண்டு பிரிவு, இது ஒண்ணு, அமெரிக்கன் லீக் இன்னொண்ணு) கம்மியான ஈஆர்ஏ 2.76, அதிகமான ஸ்ட்ரைக்அவுட் 270, ஆனா வின் லாஸ் கணக்கு 8க்கு 16. ஈஆர்ஏன்னா 9 இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தனை ரன் விட்டான்னு கணக்கு, ஃபீல்டர் தப்பால வந்த ரன்னை அதுல சேக்க மாட்டாங்க. லீக்லயே கம்மியா ரன் விட்டவன் 16 மேட்ச் தோத்திருக்கான்னா தப்பு எங்க இருக்குன்னு நீங்களே யோசிங்க. நல்லவேளை இப்போ ஓட்டு போடுறவங்களுக்கு புரிஞ்சுடுச்சு, 2010ல 13க்கு 12 வெச்சிருந்த ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கும் 2018ல 10க்கு 9 வெச்சிருந்த ஜேக்கப் டிக்ராமுக்கும் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது குடுத்தாங்க, டிக்ராமோட ஈஆர்ஏ அந்த வருஷம் 1.70. ஆனா பழைய ஆளுங்களை எடை போடுறப்போ இன்னும் 300 வின் இருக்கான்னுதான் கேக்குறாங்க. பெர்ட் ப்ளைலெவன் 287 வின்ல நின்னுட்டாரு, 3701 ஸ்ட்ரைக்அவுட், 60 ஷட்அவுட் (எதிர் டீமை ஒரு ரன் கூட எடுக்க விடாம முழு மேட்ச் போட்டது) எல்லாம் கையில இருந்தும் 14வது முயற்சியில, 2011லதான் உள்ள போனாரு, அப்போ 15 வருஷம் வரைக்கும் வாய்ப்பு இருந்துச்சு. இன்னும் 13 வின் இருந்திருந்தா இவ்ளோ வருஷம் ஆகியிருக்காதுன்னு நான் நம்புறேன், அந்த 13 வின்னால அவரு போட்ட கர்வ் பால் ஒரு இன்ச் கூடவா வளைஞ்சிருக்கும்?

அடுத்தது காலம். இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் வழுக்கி விழுற இடம் இது. 1968ல பாப் கிப்சன் ஈஆர்ஏ 1.12. 2000ல பெட்ரோ மார்ட்டினஸ் ஈஆர்ஏ 1.74. கண்ணை மூடிட்டு கிப்சன்தான்னு சொல்லிடலாம், ஆனா 1968 பிட்ச்சர்களோட வருஷம், பிட்ச்சர் நின்னு எறியுற மேடு 15 இன்ச் வரைக்கும் இருந்துச்சு, ஸ்ட்ரைக் ஸோனும் பெருசு, அமெரிக்கன் லீக் பேட்டிங் சாம்பியன் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி ஆவரேஜே .301தான், லீக் மொத்தத்துல .300 தாண்டின ஒரே ஆள் அவருதான். ஹிட்டர்களுக்கு மூச்சு முட்டுதுன்னு அடுத்த வருஷமே மேட்டை 10 இன்ச்சுக்கு இறக்கி ஸோனையும் சுருக்கிட்டாங்க. 2000ம் வருஷம் அப்படியே தலைகீழ், ஆளாளுக்கு ஹோம் ரன் அடிச்சுட்டு இருந்த காலம், பெட்ரோ ஆடின அமெரிக்கன் லீக்ல சராசரி ஈஆர்ஏ கிட்டத்தட்ட 4.9, ரெண்டாவது இடத்துல இருந்த ரோஜர் கிளெமென்ஸோட ஈஆர்ஏவே 3.70. முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு ரன் இடைவெளி! லீக் சராசரியையும் மைதானத்தையும் சேர்த்து 100ஐ சராசரியா வெச்சு போடுற ஈஆர்ஏ ப்ளஸ் கணக்குல கிப்சன் 258, பெட்ரோ 291. கிப்சனோடதும் நம்ப முடியாத சீசன்தான், 13 ஷட்அவுட் போட்டாரு, அப்பவும் 9 மேட்ச் தோத்தாருங்கிறது வின் பத்தி மேல சொன்னதுக்கு இன்னொரு சாட்சி. ஆனா ஒரே ஒரு சீசன்தான் எடுக்கணும்னா நான் பெட்ரோவை எடுப்பேன். பச்சைப் புல் இருக்குற பிட்ச்ல 5 விக்கெட் எடுக்குறதும் செத்த பிட்ச்ல 5 விக்கெட் எடுக்குறதும் ஒண்ணில்லைன்னு கிரிக்கெட் பாக்குற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

மைதானமும் அப்படித்தான், பேஸ்பால்ல ஒவ்வொரு மைதானமும் ஒவ்வொரு அளவு. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ்ல ரைட் ஃபீல்டு கோட்டுல சுவர் 258 அடியில இருந்துச்சு, இடது கை ஹிட்டர் மெல் ஆட் அடிச்ச 511 ஹோம் ரன்ல 323 சொந்த ஊர்ல வந்தது. அதே ஊர்ல யாங்கி ஸ்டேடியத்துல இடது நடுப் பக்கம் சுவர் 450 அடிக்கு மேல, வலது கை ஹிட்டர் ஜோ டிமாஜியோ சொந்த ஊர்ல 148, வெளியூர்ல 213. ஆனா மைதானத்தை காரணம் காட்டி ஒருத்தரை ஒரேயடியா ஒதுக்குறதும் தப்பு. லாரி வாக்கர் கடல் மட்டத்துல இருந்து 1600 மீட்டர் உயரத்துல இருக்குற டென்வர்ல ஆடினவரு, அங்க காத்து மெலிசு, பந்து பறக்கும், அங்க அவரு ஆவரேஜ் .381, அதனால எல்லாம் கூர்ஸ் ஃபீல்டு புண்ணியம்னு சொல்லிட்டாங்க. எம்விபி (லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கின 1997ல அவரு அடிச்ச 49 ஹோம் ரன்ல 29 வெளியூர்ல அடிச்சது, வெளியூர் ஆவரேஜ் .346! இதெல்லாம் எல்லாருக்கும் உறைச்சு அவரு ஹால் ஆஃப் ஃபேம் போறதுக்கு 2020 ஆயிடுச்சு, அதுவும் 10வது வருஷம், 75 சதவீதம் வேணும், கிடைச்சது 76.6.

சாம்பியன் டீமுக்கு குடுக்குற மோதிரம் எத்தனைன்னு கேக்குறவங்க கிட்ட நான் நீட்டி பேசுறதில்ல. எர்னி பேங்க்ஸ் 512 ஹோம் ரன் அடிச்சவரு, ஒரு பிளேஆஃப் மேட்ச் கூட ஆடினதில்ல. டான் லார்சன் 1956 வேர்ல்ட் சீரிஸ்ல ஒரு ஆளைக்கூட பேஸ் ஏற விடாம பெர்ஃபெக்ட் கேம் போட்டாரு, மொத்த கரியர்ல 81 வின் 91 லாஸ். ஒரு நாள் ஒரு நாள்தான். ஃபீல்டிங்கை மறக்குறதும் இதே மாதிரி சுருக்கமா சொல்லக்கூடிய தப்பு, ஓஸி ஸ்மித் மொத்தமே 28 ஹோம் ரன், ஆவரேஜ் .262, ஆனா ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல இருக்குற ஷார்ட்ஸ்டாப் இடத்துல அவரு தடுத்த பந்தெல்லாம் ஹிட்டா போயிருந்தா எத்தனை ரன் ஆகியிருக்கும்? 2002ல முதல் தடவையே உள்ள போயிட்டாரு, அது சரியான முடிவு.

எத்தனை வருஷம் ஆடினாருங்கிற கேள்வியிலதான் எனக்கே இன்னும் குழப்பம் வரும். சாண்டி கோஃபாக்ஸ் 165 வின்தான், 30 வயசுல முழங்கை வலி தாங்காம நிறுத்திட்டாரு, நிறுத்தின 1966லயே 27 வின், 1.73 ஈஆர்ஏ. அந்த காலத்துல ரெண்டு லீக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு சை யங் விருதுதான், அதை 3 தடவை வாங்கியிருக்காரு. மொத்த கூட்டலை மட்டும் பாத்தா இவரு காணாமலே போயிடுவாரு. உச்சத்தை மட்டும் பாத்தா 20 வருஷம் உடம்பை காப்பாத்தி ஆடினவனுக்கு அநியாயம். அதனாலதான் ஜாஸ்னு (JAWS) ஒரு கணக்குல கரியர் மொத்த வாரையும், சிறந்த 7 வருஷத்து வாரையும் கூட்டி ரெண்டால வகுக்குறாங்க. வார்னா, சுலபமா கிடைக்கிற ஒரு மாத்து ஆளை விட இவரு டீமுக்கு எத்தனை வின் கூடுதலா தந்தாருன்னு மதிப்பீடு. மதிப்பீடுங்கிற வார்த்தையை கெட்டியா பிடிச்சுக்கோங்க, ரெண்டு பெரிய சைட் போடுற வாரே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, பழைய கால ஃபீல்டிங் கணக்கு இன்னும் தோராயம், இதுல 68.4 வெச்சிருக்கவரு 67.9 வெச்சிருக்கவரை விட பெரியவருன்னு சண்டை போடுறதுல அர்த்தமே இல்ல.

அவரு உள்ள இருக்காருன்னா இவரும் இருக்கணும்னு ஒரு வாதம் வரும், அதை ஏத்துக்காதீங்க. 1970கள்ல ஃப்ராங்கி ஃப்ரிஷ், பழைய ஆட்டக்காரங்களை ஹால் ஆஃப் ஃபேமுக்கு தேர்ந்தெடுக்குற வெட்டரன்ஸ் கமிட்டியில இருந்தப்போ அவரு கூட ஆடின ஜெஸ்ஸி ஹெய்ன்ஸ், ஜார்ஜ் கெல்லி மாதிரி பழைய டீம் ஆளுங்க வரிசையா உள்ள போனாங்க. அவங்களை அளவுகோலா வெச்சா நூத்துக்கணக்குல ஆள் சேக்கணும். ஓட்டு சதவீதத்தையும் மதிப்பெண் மாதிரி பாக்காதீங்க, 1979ல வில்லி மேய்ஸுக்கு 432 பேர்ல 23 பேர் ஓட்டு போடல. வில்லி மேய்ஸுக்கு!

ஊக்கமருந்து விஷயத்துல ரெண்டு கேள்வியை ஒண்ணா குழப்புறோம். எவ்ளோ நல்லா ஆடினாருங்கிறது ஒண்ணு, அவரை கௌரவிக்கலாமாங்கிறது இன்னொண்ணு. பேரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன், 7 எம்விபி, 2022ல பத்திரிகையாளர் ஓட்டுல கடைசி வருஷம் 66 சதவீதத்தோட நின்னு போச்சு. கௌரவம் வேணாம்னு சொல்றவங்களை எனக்கு புரியுது, ஆனா அவரு நல்ல ஹிட்டரே இல்லைன்னு சொல்றது பொய்.

எல்லாத்தையும் விட எனக்கு பெரிய தப்பா படுறது, ஆட விடாதவனோட நம்பரை ஆட விட்டவனோட நம்பர் பக்கத்துல வெச்சு கம்மின்னு சொல்றது. டெட் வில்லியம்ஸ் 1941ல .406 அடிச்சாரு, அப்புறம் 1943ல இருந்து 45 வரைக்கும் போர், திரும்ப 1952, 53ல கொரியா போர்ல விமானம் ஓட்டப் போயிட்டாரு, கிட்டத்தட்ட 5 சீசன் போச்சு, அதுக்கப்புறமும் 521 ஹோம் ரன். அவரு போன காரணம் வேற, நிறத்துக்காக வெளிய நிறுத்தின காரணம் வேற. 1947 ஏப்ரல் 15ல ஜாக்கி ராபின்சன் இறங்குற வரைக்கும் 60 வருஷத்துக்கு மேல கறுப்பு ஆட்டக்காரங்களுக்கு மேஜர் லீக் கதவு மூடியே இருந்துச்சு. கறுப்பு ஆட்டக்காரங்களுக்குன்னு தனியா இருந்த நீக்ரோ லீக்கோட பெரிய ஹிட்டர் ஜாஷ் கிப்சன் அந்த வருஷம் ஜனவரியில 35 வயசுல செத்துப் போனாரு, மூணு மாசம் கூட இடைவெளி இல்ல.

நீக்ரோ லீக்ல ஒரு சீசனுக்கு கணக்குல வர்ற மேட்ச் ரொம்ப கம்மி, மீதி நாளெல்லாம் ஊர் ஊரா பஸ்ல போய் காட்சி ஆட்டம் ஆடித்தான் வயித்தைக் கழுவணும். அதனால அவங்க மொத்த எண்ணிக்கையை பேப் ரூத்தோட 714க்கு பக்கத்துல வெக்க முடியாது. ஜாஷ் கிப்சனோட ஹால் ஆஃப் ஃபேம் பலகையில கிட்டத்தட்ட 800 ஹோம் ரன்னு இருக்கு, அது வெளி ஆட்டமெல்லாம் சேர்த்தது, அதை எடுத்து பாண்ட்ஸோட 762ஐ தாண்டிட்டாருன்னு சொல்றதும் சரியில்ல. விகிதத்தைப் பாருங்க. 2024 மே மாசம் நீக்ரோ லீக் கணக்கை மேஜர் லீக் தன் ஏட்டுல சேர்த்தப்போ கிப்சனோட .372 டை காபோட .367ஐ தாண்டி முதல் இடத்துக்கு வந்துச்சு. சின்ன லீக்ல அடிச்சதுதானேன்னு உடனே கேட்டாங்க. அப்படின்னா ரூத்தும் காபும் கறுப்பு பிட்ச்சர்களே இல்லாத லீக்ல அடிச்சவங்கதானே, அதையும் சேர்த்து கேக்கணும்.

1966ல வில்லியம்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில நின்னு, நீக்ரோ லீக் பிட்ச்சர் சாட்செல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் மாதிரி ஆளுங்களும் இங்க வரணும்னு தானா சொன்னாரு. யாரும் அவரை கேக்கல. 1971ல பெய்ஜை சேக்குறப்போ முதல்ல தனிப் பிரிவுல வெக்கறோம்னாங்க, எதிர்ப்பு கிளம்பினதும்தான் முழு மரியாதை குடுத்தாங்க, கிப்சன் அடுத்த வருஷம். பெய்ஜ் மேஜர் லீக்ல முதல் தடவை பந்து போட்டது 1948ல, 42 வயசுல. மேஜர் லீக்ல அவரோட 28 வின்னை வெச்சு எடை போடுறவங்க இன்னும் இருக்காங்க. 1965 செப்டம்பர்ல கேன்சஸ் சிட்டிக்காக பாஸ்டனுக்கு எதிரா கடைசியா ஒரு தடவை இறங்கினாரு, 59 வயசு, 3 இன்னிங்ஸ் போட்டாரு, ஒரு ரன் கூட விடல. அன்னைக்கு அவரு கிட்ட ஒரே ஒரு ஹிட் எடுத்தவரு கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி.