கிராம சபையில் சுகாதாரத் தீர்மானம் போடுவது எப்படி?

டெல்லியில் எந்த சுகாதாரத் திட்டம் அறிவித்தாலும் அது கடைசியாக வந்து சேருகிற இடம் ஊர்க்கோடியில் இருக்கும் துணை சுகாதார நிலையம்தான். போளூர் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்ததையும், 2018-ல் நோய்ப் பரிசோதனையும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்ததையும் வேலையில் இருந்தபடியே பார்த்தேன். ஊராட்சி கைகொடுத்த ஊரில்தான் இரண்டும் உருப்படியாக நடந்தன. அந்தக் கையைக் கேட்டு வாங்குவது எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சப் சென்டருக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாளாக இருந்தால் நல்லது. உப்பு, சர்க்கரை பார்க்கச் சிறுநீர் எடுக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால் அந்தப் பெண் எங்கே போவாள்? முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பைவாய் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது ஆயுஷ்மான் பாரத் கொண்டுவந்த பெரிய மாற்றம். மறைப்பும் கதவுத் தாழ்ப்பாளும் இல்லாத அறையில் எந்தப் பெண்ணும் மார்பகப் பரிசோதனைக்குச் சம்மதிக்க மாட்டாள். திட்டம் தாளில் இருக்கும், பரிசோதனை நடக்காது.

பார்த்ததை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். செவிலியர் பணியிடம், மருந்து, கருவிகள் எல்லாம் சுகாதாரத் துறை தர வேண்டியவை. தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, நடைபாதை, சாக்கடை, புதர் வெட்டுவது எல்லாம் ஊராட்சியே செய்யக்கூடியவை. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் 23-வது இனமாகச் சுகாதாரமும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் ஊராட்சிக்குரிய பொருள்களில் இருக்கின்றன. ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று யாராவது சொன்னால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்து, கிராம சுகாதாரக் குழு உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஊராட்சித் தலைவர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக் குழுப் பெண்கள் என்று சேர்ந்த குழு இது. வருவாய்க் கிராமம் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் நிபந்தனையற்ற நிதி என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் விதி. கூட்டுக் கணக்கில் வரும். கொசுப்புழு ஒழிப்பு, தொட்டி சுத்தம், குளோரின், ஊட்டச்சத்து விளக்கக் கூட்டம் என்று ஊருக்குப் பொதுவானதற்குச் செலவு செய்யலாம். ஆதரவற்ற பெண்ணையோ மிக ஏழைக் குடும்பத்தையோ அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் இதில் இடமுண்டு. பல ஊர்களில் மக்களுக்கு இப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது. கடந்த ஆண்டு எதற்குச் செலவானது என்று சண்டைத் தொனி இல்லாமல் கேளுங்கள். கேள்வி வரும் என்று தெரிந்தாலே குழு கூடிவிடும்.

சரி, கிராம சபைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள்கள் கூடுகிறது. கூட்டத்தன்று எழுந்து பேசினால் மட்டும் போதாது. ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனுவாகக் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமாக இருந்தால் தனி அலுவலரிடம் கொடுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை உண்டு: ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. ஆகவே ஆட்களைத் திரட்டுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கூட்டம் நிறையும். இந்த விஷயம் அவர்களுடையதும்கூட.

தீர்மான வாசகம்தான் உயிர். ‘சுகாதார வசதிகளை மேம்படுத்தக் கேட்டுக்கொள்கிறது’ என்று எழுதினால் அது புத்தகத்திலேயே தூங்கிவிடும். இப்படி எழுதச் சொல்லுங்கள்:

‘நமது ஊராட்சியின் துணை சுகாதார நிலையத்துக்குத் தனிக் குடிநீர் இணைப்பும், வாசலில் ஒரு தெருவிளக்கும் ஊராட்சிப் பொது நிதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அமைக்க இச்சபை தீர்மானிக்கிறது. பரிசோதனை அறைக்கு மறைப்பும் கதவும் அமைத்துத் தர வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்டுக்கொள்கிறது.’

யார், எதை, எந்தப் பணத்தில், எப்போது என்பது வாசகத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஒன்று, தீர்மானத்தைச் சபையில் உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

காப்பீட்டு அட்டைக்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். இங்கே ஆயுஷ்மான் பாரத் காப்பீடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்தே நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் வேண்டும். அட்டை எடுக்க மாவட்டத் தலைநகருக்குப் போய் வரவே கூலி வேலை செய்பவருக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். அதனால் பலர் நோய் வந்த பிறகுதான் அட்டைக்கு அலைகிறார்கள். மாரடைப்பு வந்தவரின் மனைவி சான்றிதழுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரையும் காப்பீட்டுத் திட்டப் பணியாளரையும் ஒரே நாளில் ஊருக்கு அழைத்து முகாம் நடத்த ஊராட்சி முன்நின்று கேட்கலாம். இடம், பந்தல், தண்டோரா ஊராட்சியின் பொறுப்பு.

தீர்மானம் நிறைவேறியதும் நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். அந்த நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஊராட்சிப் பணத்துக்கு மிஞ்சிய வேலை என்றால் ஊராட்சி ஆண்டுதோறும் போடும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு அக்டோபர் 2 கூட்டம் சரியான நேரம். அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து, போன தீர்மானம் என்ன ஆனது என்று கேளுங்கள். உங்கள் ஊர் நர்சம்மா அதைக் கேட்க முடியாது, அவர் அரசு ஊழியர். நீங்கள் கேட்கலாம்.